தேனீக்குச் சிவப்பு எடுபடாது

கேள்வி: மொட்டை மாடியில் பூசணியும் பாகலும் போட்டிருக்கிறேன். கொடி நன்றாகப் படர்ந்து பூக்கிறது, ஆனால் பிஞ்சுகள் மஞ்சளாகி வெம்பி விழுந்துவிடுகின்றன. தேனீ வந்தால் சரியாகும் என்றார்கள். அதற்காகவே சிவப்பு ரோஜா, அடுக்குச் செம்பருத்தி, சிவப்பு இட்லிப்பூ எல்லாம் வாங்கி வைத்தேன். வண்ணத்துப்பூச்சி வருகிறது, தேனீ எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எந்த நிறப் பூ வைக்கலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் வாங்கிய மூன்றும் நம் கண்ணுக்குத்தான் பளிச். நம்மைப் போலவே தேனீயின் கண்ணும் மூன்று அடிப்படை நிறங்களை வைத்துத்தான் பார்க்கிறது. ஆனால் அதில் சிவப்பு இல்லை. பச்சை, நீலம், அப்புறம் நமக்குத் தெரியாத புற ஊதா. காரல் ஃபான் ஃபிரிஷ் என்ற விஞ்ஞானி நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சோதித்துப் பார்த்தார். வண்ண அட்டையின் மேல் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். நீல அட்டைக்குப் பழகியவை, சாம்பல் அட்டைகளுக்கு நடுவே ஒளித்து வைத்தாலும் நீலத்தையே தேடிப் போயின. சிவப்புக்குப் பழகியவை கறுப்பு அட்டையையும் சிவப்பையும் பிரித்தறியாமல் குழம்பின.

அதற்காக இட்லிப்பூவைப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றுக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும். ஒற்றைச் செம்பருத்தி வைத்தால் தேன்சிட்டும் வரும்.

தேனீக்கு முதலிடம் நீலமும் ஊதாவும். அடுத்து மஞ்சள், வெள்ளை. ரோஸ் நிறமும் பரவாயில்லை, அதில் கொஞ்சம் நீலம் கலந்திருக்கிறது. கொடிரோஜாவை மொய்க்கும் தேனீக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்களே! சூரியகாந்தி நமக்கு முழு மஞ்சள். தேனீக்கோ இதழின் நுனி புற ஊதாவில் மின்னும், அடிப்பகுதி இருட்டாக இருக்கும். தேன் இருக்கும் நடுப்பகுதியைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டியது மாதிரி.

ஆனால் நிறம் கடை வாசலில் தொங்கும் போர்டு மட்டும்தான். உள்ளே சரக்கு இல்லாவிட்டால் தேனீ மறுபடி வராது. அடுக்குப் பூக்களின் சிக்கல் இதுதான். மகரந்தம் தர வேண்டிய கேசரங்கள்தான் அங்கே கூடுதல் இதழ்களாக மாறியிருக்கின்றன. நர்சரிக்குப் போனால் பூவின் நடுவைப் பாருங்கள். மகரந்தப் பொடி கண்ணில் பட்டால் வாங்கலாம். டேபிள் ரோஸிலும் ஒற்றை ரகமாகக் கேளுங்கள். வெயில் ஏறியதும் விரியும், தேனீயும் அப்போதே வந்துவிடும்.

பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. வீட்டில் இருக்கும் துளசியே போதும். கதிர் வந்ததும் கிள்ளிவிடுவது நம் வழக்கம். ஒரு தொட்டியை மட்டும் கிள்ளாமல் விட்டுப் பாருங்கள், அந்தச் சின்ன ஊதாப் பூக்களுக்கு வரும் கூட்டம் உங்கள் ரோஜாவுக்கு வராது. திருநீற்றுப்பச்சிலையும் அப்படித்தான். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு பிடி கடுகை எடுத்து மண் நிரப்பிய ஒரு செடிப் பையில் தூவுங்கள். கொத்தமல்லி முற்றிப் பூத்தால் பிடுங்காதீர்கள். ஊதா அவரை ஒரு கொடி இருந்தால் இன்னும் நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நிறத்தைவிட முக்கியம். வகைக்கு ஒன்றாகப் பத்துச் செடி வைக்காமல், ஒரே வகையை நாலைந்து தொட்டியாகச் சேர்த்து வையுங்கள். தேனீ ஒரு தடவை கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். பூசணிப் பூ பெரிது, மஞ்சள், தேனும் உண்டு. இருந்தாலும் மூன்று நான்கு பூவுக்காக அது மாடி ஏறி வருவது அபூர்வம். அது வந்து பழகுவதற்குத்தான் துளசியும் கடுகும்.

வேப்பெண்ணெய்க் கரைசல் அடிப்பதானால் சாயங்காலம் அடியுங்கள். காலையில் பூ விரிந்திருக்கும் நேரத்தில் வேண்டாம்.

துளசி கதிர் விடும்வரை பூசணிக்கு நீங்கள்தான் தேனீ. காலை எட்டு மணிக்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டை அடியில் குட்டிக் காய் உள்ள பெண் பூவுக்குள் மெதுவாகத் தடவுங்கள். வெயில் ஏறினால் பூ மூடிவிடும், அப்புறம் தடவிப் பலனில்லை.