லேப்டாப் கம்பெனி கைவிட்ட பிறகும் டிரைவருக்குப் பூட்டு எதற்கு?

கேள்வி: சிப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இறக்கிய கிராஃபிக்ஸ் டிரைவர் (திரையில் படம் காட்டும் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்), "கணினித் தயாரிப்பாளரிடம் பெறவும்" என்று சொல்லி நிறுவ மறுக்கிறது. லேப்டாப் கம்பெனியின் தளத்திலோ பழையதுதான் கிடக்கிறது. வழி உண்டா?

உண்டு. உங்களுடையது வாரண்டி முடிந்த, இன்டெல் ஐந்தாம் தலைமுறை அல்லது அதற்கும் முந்தைய மெஷின் என்று வைத்துக்கொள்கிறேன். டிரைவரை ஜிப்பாக இறக்கி விரியுங்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர் கொடுத்து, ஹேவ் டிஸ்க் வரை போய், அந்த ஃபோல்டரில் உள்ள ஐஎன்எஃப் கோப்பை (டிரைவரை எப்படி ஏற்றுவது என்று விண்டோஸுக்குச் சொல்லும் கோப்பு) காட்டுங்கள். பெரும்பாலும் ஏறிவிடும், ஏனென்றால் மறுப்பது செட்டப் புரோகிராம்தான், சிப் இல்லை. ஐஎன்எஃப் கோப்பைத் திருத்தச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஒரு எழுத்து மாறினாலும், டிரைவர் அசல்தான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து செல்லாமல் போய், 64 பிட் விண்டோஸ் தள்ளிவிடும்.

நான் அம்பாசமுத்திரத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஆவணி முகூர்த்த நெருக்கடியில், பெரிய படம் எதைத் திறந்தாலும் திரை கறுத்து, டிஸ்ப்ளே டிரைவர் நின்றுபோனதாகச் செய்தி வர ஆரம்பித்தது. வேலையைப் போட்டுவிட்டு திருநெல்வேலி சர்வீஸ் சென்டருக்கு பஸ் ஏறினால், டிரைவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "அண்ணாச்சி, மதர்போர்டு மாத்தணும்" என்றார்கள், அதற்குச் சொன்ன விலையில் பழைய லேப்டாப் ஒன்றே வாங்கிவிடலாம். திரும்பி வந்து மேலே சொன்னபடி செய்தேன். அதே போர்டில்தான் இன்றும் வேலை ஓடுகிறது.

தயாரிப்பாளர் டிரைவரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரைட்னஸ் பட்டன், ஸ்லீப் எல்லாம் அந்த மாடலில் சோதித்துத் தருவார்கள், சரி, முதலில் அதையே போடுங்கள். ஆனால் புதிதாக எதுவும் தராமல் விட்ட பிறகும், சிப் நிறுவனத்தின் டிரைவரை ஏறவிடாத இந்தப் பூட்டு எதற்கு? பம்ப்செட் விற்றவன் வேறு கடையில் வாஷர் வாங்கக் கூடாது என்றால் விவசாயி விடுவாரா? 2020-ல் இன்டெல்லே ஆறாம் தலைமுறையிலிருந்து தன் விண்டோஸ் 10 டிரைவர்களில் இந்தப் பூட்டை எடுத்துவிட்டது. அவசியமானது என்றால் எடுத்திருப்பார்களா?

   

அப்புறம், தொடங்கும் முன் ரெஸ்டோர் பாயிண்ட் (கோளாறு வந்தால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி) ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் அப்டேட் சில சமயம் பழைய டிரைவரையே திரும்பப் போட்டுவிடும், அப்படிப் போட்டால் மறுபடி ஹேவ் டிஸ்க் வழிதான்.