எட்டு கேமரா வேண்டாம், ஐந்து போதும்

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, பின்னால் சின்ன குடோன், மேலே வீடு. மாடியில் ஒரு பாதியில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. கடைக்கு இடது பக்கம் நாற்பதடி நீளச் சந்து. போன மாதம் அந்தச் சந்து வழியாக வந்து குடோன் பூட்டை உடைத்து எண்ணெய் டின்களைத் தூக்கிப் போய்விட்டார்கள். எதிர்வீட்டு கேமராவில் ஆள் போவது தெரிகிறது, முகம் தெரியவில்லை. ஒருவர் 5 மெகாபிக்சலில் எட்டு கேமரா, 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். என் மருமகனோ, வைஃபை கேமரா நாலு வாங்கி மாட்டினால் போதும், வயரே வேண்டாம் என்கிறார். எதைச் செய்வது ஐயா?

பதில்: இரண்டையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். எதிர்வீட்டு கேமராவில் முகம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்து தொடங்குவோம். அது ஏன் தெரியவில்லை என்று புரிந்துவிட்டால் உங்களுக்கு எத்தனை கேமரா, எந்த கேமரா என்பது தானாகவே முடிவாகிவிடும்.

நம் ஊரில் பெரும்பாலும் கேமராவை மாடி சன்ஷேடுக்கு அடியில், பன்னிரண்டு பதினைந்தடி உயரத்தில் மாட்டுவார்கள். யாரும் கை வைக்க முடியாது, தெரு முழுக்கத் தெரியும் என்பது கணக்கு. தெரு முழுக்கத் தெரியத்தான் செய்யும். ஆனால் திருடன் அந்தப் படத்தில் தலை உச்சியும் தோளுமாகத்தான் இருப்பான். தொப்பி போட்டிருந்தால் தொப்பி மட்டும்தான். போலீஸ் ஸ்டேஷனில் ஃபுட்டேஜை ஓடவிட்டு, "இதில் யாருங்க?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிர்ணயத்தின் 2014 பதிப்பின்படி, முன்பின் தெரியாத ஒருவரை ஐயமில்லாமல் அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல், அதாவது படப் புள்ளி, விழ வேண்டும். பழகிய ஆளை இன்னார் என்று சொல்ல 125 போதும். ஆள் வருகிறார் என்று மட்டும் தெரிய 25 போதும். எதிர்வீட்டு கேமரா அந்தக் கடைசி வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல். 250ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஏழே முக்கால் மீட்டர். காட்சி அதற்குமேல் அகலமானால் முகம் கரைய ஆரம்பிக்கும். சாதாரணமாக விற்கும் 2.8 எம்எம் லென்ஸ் நூறு டிகிரிக்கு மேல் விரித்துப் பார்க்கும். அதில் இந்த அகலம் மூன்று மீட்டர் தூரத்திலேயே, அதாவது பத்தடியிலேயே தீர்ந்துவிடும். அதே லென்ஸில் 5 மெகாபிக்சல் போட்டால்? நான்கு மீட்டர். கூடுதல் காசுக்குக் கிடைத்தது மூன்றடி. ஆனால் 2 மெகாபிக்சலிலேயே 6 எம்எம் லென்ஸ் போட்டால் பார்வை குறுகும், முகம் தெரியும் தூரம் ஏழு மீட்டரைத் தாண்டும். எந்த லென்ஸ் என்று கேட்காமல் எத்தனை மெகாபிக்சல் என்று மட்டும் கேட்பது, செருப்புக் கடையில் அளவு சொல்லாமல் விலை கேட்கிற மாதிரி. இதெல்லாம் பகல் வெளிச்சத்துக்கான கணக்கு. இரவில் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் இடத்துக்கு வருவோம். கேமராவை எங்கே மாட்டலாம் என்று சுவரைப் பார்த்து யோசிக்காதீர்கள். உள்ளே வருகிறவன் எந்தக் குறுகலான இடத்தில் நுழைந்தே ஆக வேண்டும் என்று பாருங்கள். உங்களுக்கு அப்படி மூன்று இடம்: கடை வாசல், சந்து, குடோன் கதவு. இவற்றோடு கல்லாவும் கடை முன் வண்டி நிற்கும் இடமும் சேர்ந்தால் ஐந்து. அவ்வளவு போதும். ஆனால் டிவிஆர், அதாவது பதிவு செய்யும் பெட்டி மட்டும் எட்டு கேமரா இணைக்கும்படி எட்டு சேனலாக வாங்குங்கள். பின்னால் ஒன்றிரண்டு சேர்க்க நினைத்தால் பெட்டியை மாற்ற வேண்டியிருக்காது.

சந்துக்கு 6 எம்எம். குடோன் பக்கத்துச் சுவரில், சந்தின் வாயைப் பார்த்தபடி, ஏழெட்டு அடி உயரத்தில் மாட்டுங்கள். நாற்பதடி என்றால் பன்னிரண்டு மீட்டர். நுழையும்போது ஆள் என்று தெரியும், பாதி தாண்டினால் முகம் தெரியும். எட்டினால் உடைத்துவிட மாட்டானா என்று கேட்பீர்கள். உடைக்கலாம்தான். அதற்கு அவன் கேமராவின் நேர் முன்னால் வந்து நிற்க வேண்டும். உடைவதற்கு முன் பதிவானதை யாரும் அழிக்க முடியாது, டிவிஆரைத் தனியாகப் பூட்டி வைத்திருக்கும்வரை. குடோன் கதவுக்கும் இதே உயரம்தான். அங்கே தூரம் குறைவு என்பதால் 2.8 எம்எம் போதும்.

கடை வாசல் கேமரா உள்ளேயிருந்து வாசலைப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பகலில் வெளி வெயில் பின்னால் இருப்பதால் உள்ளே வருகிறவர் கறுப்பு நிழலாக விழுவார். இதைச் சரிசெய்ய டபிள்யூடிஆர் என்ற வசதி வேண்டும். பெட்டியில் 120 dB (டெசிபல்) என்று போட்டிருந்தால் உண்மையானது. டிடபிள்யூடிஆர் என்று மட்டும் இருந்தால் அது மென்பொருள் சமாளிப்பு, நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது. கல்லாவுக்கு மேலே உள்ள கேமராவை, ஆள் முகத்துக்காக அல்லாமல் கையும் டிராயரும் தெரியும்படி சாய்த்து மாட்டுங்கள். சில்லறைத் தகராறு வந்தால் ஐந்நூறு ரூபாய் கொடுத்தாரா நூறு கொடுத்தாரா என்பது அதில்தான் தெரியும். வண்டி நிறுத்தும் இடத்து கேமராவிடம் நம்பர் பிளேட்டை எதிர்பார்க்காதீர்கள். இரவில் ஹெட்லைட் எதிரே அடிக்கும்போது பிளேட் படிப்பது தனி கேமராவின் வேலை.

மருமகன் சொல்வதும் முழுக்கத் தவறில்லை. வாடகை வீடு, ஒரே அறை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு கண் வேண்டும் என்றால் நானே வைஃபை கேமராதான் சொல்வேன். ஆனால் வயரே வேண்டாம் என்பது பாதி உண்மை. பெரும்பாலான வைஃபை கேமராக்களுக்கும் கரண்ட் வயர் வேண்டும். பதிவு பெரும்பாலும் கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில் விழுவதால், கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் ஆதாரமும் கூடவே போகும். மூன்று சுவர் தாண்டி சந்து முனைக்கு சிக்னல் போய்ச் சேருமா என்பது வேறு விஷயம்.

உங்கள் அளவுள்ள இடத்துக்கு ஹெச்டி அனலாக் கேமராவும் டிவிஆரும் போதும். ஐபி கேமரா, அதாவது கம்ப்யூட்டர் நெட்வொர்க் வயரில் ஓடுவது, நல்லதுதான். ஒரே கேட் 6 வயரில் படமும் மின்சாரமும் போகும், நூறு மீட்டர் வரை கவலையில்லை. ஆனால் ஐந்து கேமராவுக்கு அந்தச் செலவு தேவையா என்று கேட்டால், எனக்குத் தேவையில்லை என்றே படுகிறது.

மிச்சம் பிடிக்கும் காசை வயரில் போடுங்கள். அனலாக்குக்கு '3+1' கேபிள் என்று கேட்டால் தருவார்கள். படத்துக்கு ஒன்று, மின்சாரத்துக்கும் ஒலிக்குமாக மூன்று. இதில் செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கிறது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பிளேடால் கம்பியைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். பகலெல்லாம் நன்றாக ஓடிய கேமரா இரவு ஏழு மணிக்கு மேல் அணைந்து அணைந்து எரிகிறது என்று எனக்கு வரும் புகாரில் பல இந்த வயரால்தான். இருட்டியதும் கேமராவில் உள்ள ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியத் தொடங்கும், மின்சாரம் கூடுதலாக இழுக்கும். சப்ளையிலிருந்து 12 வோல்ட் கிளம்பினாலும் கேமராவுக்குப் போய்ச் சேரும்போது போதாமல் போகும்.

இனி ஹார்ட் டிஸ்க். உங்கள் கொட்டேஷனில் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். எச்.265 என்ற படச் சுருக்க முறையில் 2 மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 21.6 ஜிபி எழுதும். ஐந்து கேமராவுக்கு 108 ஜிபி. 2 டிபி போட்டால் பதினெட்டு நாள் வரும். அவர் சொன்ன 5 மெகாபிக்சலுக்கு நொடிக்கு 4 மெகாபிட் வைத்தால் எட்டு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 345 ஜிபிக்கு மேல். 1 டிபி மூன்று நாள்கூடத் தாங்காது! வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்விட்டு செவ்வாய்க்கிழமை வந்தால் வெள்ளி இரவு அழிந்திருக்கும். ஆள் அசைந்தால் மட்டும் பதிவு செய்யும்படி வைத்தால் நாள் கூடும், ஆனால் சந்து மாதிரி இடத்தில் நான் முழுநேரப் பதிவையே விரும்புவேன். கண்காணிப்புக்கென்றே செய்த டிஸ்க் வாங்குங்கள்: டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரி. பழைய கம்ப்யூட்டர் டிஸ்க்கைத் துடைத்து லேபிள் ஒட்டித் தருகிறவர்களும் உண்டு. வாரண்டியை அந்த நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.

இதில் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜவுளிக் கடையில் நான் மாட்டிய செட். டிவியில் எல்லா கேமராவும் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. திருட்டு நடந்த மறுநாள் ஃபுட்டேஜ் எடுக்கப் போனால் மூன்று மாதமாக ஒன்றுமே பதிவாகவில்லை. டிஸ்க் செத்திருக்கிறது. டிஸ்க் பழுதானால் பீப் அடிக்கும் வசதியை நான் ஆன் செய்யவே இல்லை. நேரலை ஓடுவது வேறு, பதிவாவது வேறு. அந்தக் கடைக்காரர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து யாருக்கு மாட்டினாலும், வாரம் ஒரு நாள் நேற்றைய இரவைப் பிளேபேக்கில் பத்து விநாடி பாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

டிவிஆரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கேமராவைப் பார்த்த திருடன் அடுத்து தேடுவது அந்தப் பெட்டியைத்தான். மாடியில் பூட்டிய அலமாரியில் காற்று போக இடம் விட்டு வையுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் டிவிஆர், கேமரா சப்ளை, இன்டர்நெட் ரௌட்டர் மூன்றையும் சேர்த்துவிடுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் கரண்ட் போகும்போது ஏதோ ஒன்று குருடாகும்.

அப்புறம், பாஸ்வேர்டு. மாட்டியவர் போட்டுக் கொடுத்ததை அன்றைக்கே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி போட்ட பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் ஆயிரக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களை முடக்கியது. அட்மின் பாஸ்வேர்டு உங்கள் கையில்தான் இருக்க வேண்டும், மாட்டியவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. வாங்கும்போது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேமராக்களுக்கு இணையப் பாதுகாப்புச் சோதனையையும் மத்திய அரசு 2025 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகள் அந்தச் சோதனைக்குப் போயிருக்காது.

மாடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அண்ணன் குடும்பமும் புழங்கும் படிக்கட்டிலோ வராந்தாவிலோ அவர்களைக் கேட்காமல் கேமரா வைக்காதீர்கள். ஒரே வீட்டில் குடியிருந்த சகோதரர்களுக்குள் இதே தகராறு கல்கத்தா உயர்நீதிமன்றம்வரை போய், குடியிருக்கும் பகுதியில் மற்றவர் சம்மதமில்லாமல் கேமரா கூடாது என்று 2025இல் தீர்ப்பானது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. சட்டத்தை விடுங்கள், அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது.

மறுபடி ஏதாவது நடந்தால் முதல் வேலையாக அந்த நேரத்து ஃபுட்டேஜைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள், டிஸ்க் தன்பாட்டுக்கு மேலெழுதிக்கொண்டே போகும். டிவிஆர் கடிகாரமும் உங்கள் செல்போன் நேரமும் எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று எழுதி வையுங்கள். வழக்கு என்று போனால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று இருந்த பிரிவுதான் இப்போது அது. அதனால் டிவிஆரை ஃபார்மேட் செய்யவோ டிஸ்க்கைக் கழற்றி மாற்றவோ போலீஸ் சொல்லும்வரை யாரையும் விடாதீர்கள்.

கடைசியாகப் பணம். பகலில் மாட்டி, டிவியில் கலர் படம் காட்டி, முழுப் பணமும் வாங்கிக்கொண்டு போக விடாதீர்கள். கால் பங்கை நிறுத்தி வையுங்கள். இரவு ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்தி, சந்து விளக்கை அணைத்துவிட்டு, மருமகனைத் தொப்பி போட்டுக்கொண்டு சந்து வழியாகக் குடோன்வரை சாதாரண வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். நேரலையில் பார்க்காதீர்கள், பிளேபேக்கில் நிறுத்திப் பாருங்கள். சன்ஷேடிலோ பக்கச் சுவரிலோ ஐஆர் பட்டுத் திரும்பி, படம் வெள்ளைப் புகையாக இருந்தால் கோணத்தை மாற்றச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அதே புகை வந்தால் அது சிலந்தி வலை. ஒட்டடைக் குச்சி போதும், யாருக்கும் போன் போட வேண்டாம். நடந்து வந்த ஆளின் முகத்தைப் பார்த்து, உங்கள் குடும்பத்தை அறியாத ஒருவர், "இந்தப் பையன்தான்" என்று பக்கத்தில் நிற்கும் மருமகனைக் காட்டினால் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.