ஒரிஜினல் சர்டிபிகேட்ட மட்டும் குடுத்திராதீங்க, மத்தத அப்புறம் பேசலாம்

கேள்வி: சார், எனக்க மகனுக்கு 17 வயசு. எயிடட் ஸ்கூல்ல தமிழ் மீடியம், பிளஸ் டூல 600க்கு 341. மார்த்தாண்டத்துல ஒரு இன்ஸ்டிட்யூட்ல ஃபயர் அண்ட் சேஃப்டி ஒரு வருஷ கோர்ஸ், பீஸ் 90,000, முடிச்சதும் கல்ஃப்ல வேலை நூறு சதவீதம் உறுதின்னு சொல்றாங்க. சேரும்போதே ஒரிஜினல் மார்க் ஷீட், டிசி, பாஸ்போர்ட் எல்லாம் அங்க ஏல்பிச்சிரணுமாம். சொந்தத்துல ஒரு ஏஜென்ட் அண்ணன் இருக்கார், அவருக்கு தனியா 1,20,000. சேக்கலாமா? (கருங்கல் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா)

தங்கச்சி, ஒரிஜினலுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், ஏன்னா பைசா போனா கஷ்டப்பட்டாவது திருப்பி சம்பாதிச்சிரலாம், பேப்பர் மாட்டிக்கிச்சுன்னா பயலுக்க ஒரு வருஷம் அப்படியே போயிரும். குடுக்காதீங்க. மார்க் ஷீட் வேணும்னா டிஜிலாக்கர்ல இறக்கி குடுங்க, இல்ல ஜெராக்ஸ் குடுங்க, ஒரிஜினல காட்டிட்டு அங்கயே நின்னு கையோட திருப்பி வாங்கிருங்க. டிசி அதவிட முக்கியம், அது அடுத்து சேர்ற காலேஜுக்கோ ஐடிஐக்கோ போக வேண்டிய காயிதம், இவங்க பீரோவுல கெடந்தா பயல் வேற எங்கயும் சேர முடியாது, அதுக்குத்தான் கேக்குறதே. பாஸ்போர்ட் சட்டப்படி இந்திய அரசாங்கத்துக்க சொத்து, உங்க மகன்கிட்ட இருக்கலாம், கோர்ஸ் நடத்துறவனுக்கு அதுல என்ன சோலி.

நான் 26 வருஷம் ஐடிஐல ஃபிட்டர் டிரேட் சொல்லிக்குடுத்துட்டு ரிட்டயர் ஆனவன், இப்ப வீட்டுத் திண்ணையில உக்காந்து பயலுவளுக்கு பயோடேட்டா திருத்திக் குடுக்கறதுதான் பொழுதுபோக்கு. மூணு வருஷம் முன்னாடி இப்படித்தான் ஒரு பயல், ஐடிஐ முடிச்சிட்டு யாரோ சொன்னாங்கன்னு ஒரு சேஃப்டி கோர்ஸ்ல சேந்துட்டான், நாலு மாசம் கழிச்சு அவனுக்கு அப்ரண்டிஸ், அதாவது கம்பெனியில ஸ்டைபண்ட் வாங்கிக்கிட்டு வேலை பழகுறதுக்கு, செலக்சன்னு லெட்டர் வந்துச்சு, சர்டிபிகேட் சரிபார்க்க ஒரிஜினலோட வரணும். அவனுக்க அப்பாவும் நானும் அந்த இன்ஸ்டிட்யூட்டுக்கு போறோம். மேசை மேல பச்ச ரெக்சின் ஃபைல் அடுக்கி வச்சிருக்கு, எல்லாம் இதே மாதிரி பயலுவளுக்க உயிரு. பீரோ சாவி மேனேஜர்ட்ட இருக்கு, மேனேஜர் திருவனந்தபுரம் போயிருக்கார்னாங்க. ரெண்டாவது தடவ போனா பாக்கி பீஸ் 40,000 கட்டிட்டு எடுத்துக்கோங்கன்னாங்க. மூணாவது தடவ போலீஸ்ல மனு எழுதி குடுத்த அப்புறம்தான் ஃபைல் வெளிய வந்துச்சு, அதுக்குள்ள அந்த சரிபார்ப்பு தேதி முடிஞ்சு ஒரு வாரம் ஆயாச்சு. அவனுக்க அப்பா பஸ் ஸ்டாண்டுல சாயா வாங்கி கையில வச்சுக்கிட்டே நின்னார், குடிக்கல.

இன்னொண்ணு. மகனுக்கு இன்னும் 18 ஆகல, அதனால அவன் போடுற கையெழுத்துக்கு சட்டத்துல மதிப்பு கிடையாது, அது அவங்களுக்கும் நல்லா தெரியும், அதனாலதான் அம்மா இங்க ஒரு கையெழுத்து, அப்பா இங்க ஒண்ணுன்னு உங்கள புடிப்பாங்க. தேதி போடாத செக், எழுதாத பத்திரம் எதுலயும் கையெழுத்து போடாதீங்க. பாக்கி பீஸுக்கு கோர்ட்டுக்கு இழுத்தா உங்களத்தான் இழுப்பாங்க.

வாசல்ல போர்டுல என்னென்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவ நிதானமா படிங்க. ஐஎஸ்ஓ 9001 இருக்கும், அது ஆபீஸ் எப்படி நடத்துறாங்கங்கறதுக்கு பைசா கட்டி வாங்குற சான்றிதழ், பாடத்துக்கு கிடையாது. எம்எஸ்எம்இ பதிவுன்னு, அதாவது சிறுதொழில் பதிவுன்னு இருக்கும், அது பெட்டிக்கடைக்கும் கிடைக்கும். நிதி ஆயோக்ல பதிவுன்னு இருக்கும், அது டிரஸ்டுக்கும் சொசைட்டிக்கும் ஆன்லைன்ல குடுக்குற ஒரு நம்பர், அவ்வளவுதான். மத்திய அரசு அங்கீகாரம்னு பெருசா எழுதி கீழ பொடி எழுத்துல இந்த மூணையும் போட்டிருப்பான். நீங்க கேக்க வேண்டியது ஒரே கேள்வி, பரிட்சை யாரு நடத்துறா, சர்டிபிகேட்ல யாருக்க சீல் இருக்கும். எங்க இன்ஸ்டிட்யூட் சீல்தான்னு சொன்னா சாயா குடிச்சிட்டு எழும்பி வந்திருங்க. இத எல்லாம் போய் பாக்க ஒரு அதிகாரி இல்லியான்னு கேப்பீங்க. நானும் ரொம்ப வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், இந்த ஆபீஸ்ல கேட்டா அந்த ஆபீஸ்ங்காங்க, அங்க கேட்டா இது எங்களுக்க கீழ வராதுங்காங்க, ஃப்ளெக்ஸ் மட்டும் வருஷா வருஷம் பெருசாகிட்டே போகுது.

இனி அந்த சேஃப்டி வேலை. வேலையே இல்லன்னு சொல்ல மாட்டேன், இருக்கு. ஆனா இங்க ஒரு ஃபேக்டரியில சேஃப்டி ஆபீசர்னு நிக்கணும்னா டிகிரியோ இன்ஜினியரிங் டிப்ளமோவோ வேணும், சில வருஷம் வேலை அனுபவம் வேணும், அதுக்கு மேல அரசு ஏத்துக்கிட்ட தொழில் பாதுகாப்பு டிப்ளமோ வேணும். கல்ஃப்ல நல்ல கம்பெனி நெபோஷ்னு இங்கிலாந்து அமைப்பு நடத்துற பரிட்சை பாஸ் பண்ணியிருக்கியான்னு கேக்கும், அத பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் எழுதணும், அனுபவமும் கேப்பான். பிளஸ் டூ முடிச்ச 18 வயசு பயல் ஒரு வருஷ கோர்ஸோட போனா அவனுக்கு கிடைக்கிறது ஃபயர் வாட்ச், அதாவது ஒருத்தன் வெல்டிங் பண்ணும்போது பக்கத்துல தீயணைப்பான் சிலிண்டர வச்சுக்கிட்டு வெயில்ல நிக்கணும். கௌரவமான வேலைதான், குறை சொல்லல, ஆனா அந்த வெல்டருக்கு இவன விட நல்ல சம்பளம், அவன் ஐடிஐல வெல்டர் டிரேட் படிச்சவன்.

அதனால நான் சொல்றது ஐடிஐ. முகம் சுளிக்காதீங்க. நாகர்கோவில் கோணத்துல கவர்மெண்ட் ஐடிஐ இருக்கு, படிப்புக்கு பீஸ் கிடையாது, அட்டண்டன்ஸ் ஒழுங்கா இருந்தா மாசம் 750 ரூபா உதவித்தொகை, சைக்கிள், யூனிஃபார்ம், புக்கு எல்லாம் அரசு குடுக்கும். முடிச்சா கிடைக்கிற சர்டிபிகேட் மத்திய அரசு தேசிய சர்டிபிகேட், ஆன்லைன்ல எவனும் சரிபாத்துக்கலாம். எலக்ட்ரீசியன், ஃபிட்டர், ஏசி மெக்கானிக் இதெல்லாம் ரெண்டு வருஷம், வெல்டர் ஒரு வருஷம். எங்க டிரேட்ல பயலுவ முதல் மாசம் ஒரு இரும்புத் துண்ட வைஸ்ல புடிச்சு அரத்தால தேய்ச்சுக்கிட்டே இருப்பானுவ, உள்ளங்கையில கொப்புளம் வரும், என்ன சார் இது ஒரு வேலையான்னு கேப்பானுவ, மூணாம் மாசம் வெர்னியர்னு நுணுக்கமா அளக்குற கருவிய வச்சு அளந்து பாத்து சார் சரியா வந்திருச்சுன்னு ஓடி வருவான் பாருங்க, அதுக்கப்புறம் அவன யாரும் ஏமாத்த முடியாது. இவ்வளவு இருந்தும் ஒவ்வொரு வருஷமும் நேரடி சேர்க்கைன்னு தேதிய நீட்டிக்கிட்டே போறாங்க, ஏன்னா ஸ்கூல்ல இத சொல்ல ஆள் இல்ல. வழிகாட்டி நிகழ்ச்சின்னு ஒரு நாள் ஹால்ல ப்ரொஜெக்டர் போட்டு இன்ஜினியரிங் காலேஜ்காரன்தான் பேசிட்டு போறான்.

இதுல உங்க மகனுக்கு ஒரு விஷயம் ரொம்ப முக்கியம், கொஞ்சம் நிதானமா கேளுங்க. தமிழ்ப் புதல்வன்னு ஒரு திட்டம் 2024 ஆகஸ்ட்ல தொடங்கினாங்க, மேல படிக்கிற பயலுவளுக்கு மாசம் 1000 ரூபா, பேங்க் அக்கவுண்டுக்கே வரும், ஐடிஐ படிச்சாலும் உண்டு. ஆனா இது கவர்மெண்ட் ஸ்கூல் பயலுவளுக்கு மட்டும்னு பாதிப்பேர் நெனச்சுக்கிட்டு விட்டிருறாங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நெறய மிஷன் ஸ்கூல், எயிடட் ஸ்கூல்தானே. எயிடட் ஸ்கூல்ல ஆறாம் கிளாஸ்லேர்ந்து பன்னெண்டு வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சிருந்தா அவனுக்கும் உண்டு. தமிழ் மீடியம்ங்கறத கவனிங்க. அதே எயிடட் ஸ்கூல், அதே காம்பவுண்டு, அதே வாத்தியார், பக்கத்து வகுப்புல இங்கிலீஷ் மீடியத்துல இருந்த பயலுக்கு கிடையாது. கவர்மெண்ட் ஸ்கூல்னா மீடியம் எதுவானாலும் பரவால்ல. நடுவுல ரெண்டு வருஷம் மெட்ரிக்ல படிச்சு திரும்பி வந்திருந்தா சிக்கல், ஆறுலேர்ந்து தொடர்ச்சியா இருக்கணும். அதனால ஸ்கூல்ல போய் எந்த கிளாஸ் எந்த மீடியம்னு ஹெட்மாஸ்டர்ட்ட எழுதி சீல் வச்சு இப்பவே வாங்கி வச்சிருங்க, ஆகஸ்ட்ல போனா கிளார்க் லீவுல இருப்பார். பொண்ணு இருந்தா அதுக்கு புதுமைப் பெண், அதுவும் இதே கணக்குதான்.

ஐடிஐ முடிச்சா அடுத்து அப்ரண்டிஸ். சட்டப்படி அவங்கதான் பயலுக்கு ஸ்டைபண்ட் குடுக்கணும், நம்ம ஒத்த பைசா கட்ட வேண்டாம், கட்டச் சொன்னா அது அப்ரண்டிஸ் கிடையாது. நம்மளச் சுத்தி என்னென்ன இருக்குன்னு பாருங்க, மணவாளக்குறிச்சியில ஐஆர்இஎல் மணல் ஆலை, மகேந்திரகிரியில இஸ்ரோ, கூடங்குளம் அணுமின் நிலையம், அரசு பஸ் டெப்போ, எல்லாம் ஐடிஐ பயலுவள அப்ரண்டிஸ் எடுக்குற இடம். அங்க ஒரு வருஷம் நின்ன பயல் கல்ஃப் போகணும்னாலும் இருபது இருபத்தொண்ணு வயசுல ஒரு தொழிலோட போவான்.

இப்ப உங்க ஏஜென்ட் அண்ணன். சொந்தம்னு சொன்னீங்க, அதான் எனக்கு பயம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புற எவனுக்கும் 1983 குடிபெயர்வு சட்டப்படி மத்திய அரசு லைசென்ஸ் வேணும், அந்த நம்பர இமைக்ரேட்னு அரசு வெப்சைட்ல போட்டுப் பாத்தா பேரும் விலாசமும் வரும். லைசென்ஸ் உள்ளவனே உங்ககிட்ட வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30,000, அதுக்கு மேல ஜிஎஸ்டி, மொத்தம் 35,400, ரசீதும் தரணும். 1,20,000ங்கறது எந்த கணக்குன்னு அண்ணன்ட்ட கேளுங்க. லைசென்ஸ் மும்பைல ஒருத்தருக்கு, நான் அவருக்கு சப் ஏஜென்ட்டுன்னு சொல்வார், சப் ஏஜென்ட்டுன்னு ஒரு ஆளையே சட்டம் ஏத்துக்கல.

உங்க மகன் பத்தாவது பாஸ், அதனால பாஸ்போர்ட்ல இசிஆர், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்கு போக அரசாங்க கிளியரன்ஸ் வேணும்ங்கற குறிப்பு, இருக்காது. அது நல்லதுன்னு எல்லாரும் சொல்வாங்க, இசிஆர் இல்லன்னா கிளியரன்ஸ் வேண்டாம், நேரா போகலாம்னு. நேரா போகலாம்தான், ஆனா இசிஆர் உள்ளவனுக்காவது கல்ஃப் போகும்போது அரசாங்கம் ஒரு தடவ கான்ட்ராக்ட்ட பாக்கும், இவனுக்கு அதக்கூட பாக்க ஆள் கிடையாது, நீங்களேதான் பாக்கணும். விசிட் விசால போ, அங்க போய் மாத்திக்கலாம்னு சொன்னா விமானம் ஏத்தாதீங்க. தாய்லாந்துல டேட்டா என்ட்ரின்னு கூட்டிட்டு போய் மியான்மர்ல அடைச்சு வச்சு ஆன்லைன் மோசடி பண்ண வச்சாங்களே, அதுல நம்ம தமிழ்ப் பயலுவளும் மாட்டி மீட்டுட்டு வந்தாங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்ச பயல்தான் அதுல மாட்டுனான், படிக்காதவன் இல்ல. அரசாங்கமே ஆள் அனுப்புற நிறுவனம் ஒண்ணு சென்னையில இருக்கு, தமிழ்நாடு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், 1978லேர்ந்து நடக்குது, நம்ம ஊர்ல பத்து பேர்ட்ட கேட்டா ஒருத்தனுக்குக்கூட தெரியாது, விளம்பரத்துக்கு அவங்களுக்கு என்ன கேடுன்னு தெரியல.

இந்த மாசமே ஒரு சின்ன வேலை பண்ணுங்க. ஆதார், மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் மூணையும் மேசையில வரிசையா வச்சு பேர் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. இனிஷியல் ஒண்ணுல முன்னாடி, ஒண்ணுல பின்னாடி, ஒண்ணுல அப்பா பேர் முழுசா இருக்கும். முதல் வேலைல சேந்த உடனே பேர் ஒத்துப்போகாம பிஎஃப் அங்கதான் நிக்கும், பயல் சம்பளம் வாங்குற மாசமே லீவு போட்டு இ சேவை மையத்துல நிக்கான். அதோட கையோட வேலைவாய்ப்பு ஆபீஸ் பதிவும் பண்ணி வைங்க, மூணு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும், அதுல வேலை வரும்னு காத்திருக்க வேண்டாம்.

அண்ணன் நாளைக்கு போன் பண்ணுவார். சண்டை போடாதீங்க, சொந்தம் வேணும். லைசென்ஸ் நம்பர வாட்ஸப்ல போட்டு விடுங்கண்ணே, மகன் ஆன்லைன்ல பாத்துட்டு சொல்றேங்கான்னு மட்டும் சொல்லிட்டு வச்சிருங்க. நம்பர் வந்தா எனக்கும் அனுப்புங்க, நானும் போட்டுப் பாக்குறேன்.