அரசியலுக்கு எந்த எம்.பி.ஏ.?

அன்புள்ள ஆச்சி,

நான் தேவகோட்டைக்காரன். பி.காம். முடித்து இரண்டு வருஷமாகச் சென்னையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். எம்.பி.ஏ. சேர்க்கைக்கான கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்திருக்கிறது. நம் மாவட்டத்தில் அரசியலுக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் அரசின் திட்டங்களை வகுக்கும் இடத்தில் வேலை பார்க்கவேண்டும் என்று ஆசை. "ப.சிதம்பரம் ஹார்வர்டுல எம்.பி.ஏ. படிச்சவர்தானே, நீயும் பெரிய காலேஜாப் பார்த்துச் சேரு, கடன் வாங்கிக்கலாம்" என்கிறார்கள் அப்பச்சி (என் அப்பா). எதில் சேரலாம்?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அப்பச்சி சொன்னது சரிதான். ஆனால் அதில் பாதிக் கதைதான் இருக்கிறது. கானாடுகாத்தானில் பிறந்த சிதம்பரம் ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்தது 1968ல். சிவகங்கையில் ஜெயித்து மக்களவைக்குப் போனது 1984ல். நடுவில் பதினாறு வருஷம். அந்தக் காலத்தில் அவர் கையில் இருந்தது வக்கீல் தொழில். எம்.ஐ.டி.யில் எம்.பி.ஏ. படித்த பழனிவேல் தியாகராஜனும் வெளிநாட்டில் படிப்பு, வங்கி வேலை எல்லாம் பார்த்துவிட்டு 2016ல்தான் மதுரையில் எம்.எல்.ஏ. ஆனார். அவருக்குத் தாத்தா பி.டி.ராஜன் காலத்திலிருந்தே அரசியல் குடும்பம் என்பதையும் மறக்கக்கூடாது.

அதனால் கல்லூரியின் பெயரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. படிப்பு முடிந்து, அரசியலில் யாரும் உங்களுக்குப் பத்துப் பைசா தராத அந்தப் பத்துப் பதினைந்து வருஷம், தேவகோட்டையில் இருந்துகொண்டே எதை வைத்துச் சாப்பிடுவீர்கள்?

பெரிய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் ஆகிறது. 20 லட்சத்தை 10 சதவீத வட்டிக்கு வாங்கிப் பத்து வருஷத்தில் அடைத்தால் மாதத் தவணையே 26,000 ரூபாயைத் தாண்டும். அது முடியும்வரை நீங்கள் மும்பையிலோ பெங்களூரிலோதான் இருந்தாகவேண்டும். நகராட்சித் தேர்தலில் உங்கள் வார்டில் வேறு யாரோ நிற்பார்கள்.

எங்கள் ஐயா பன்னிரண்டு வயதில் பர்மாவுக்கு, வட்டிக்கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையனாகப் போனவர்கள். ஊர் திரும்பியபின் கோயில் காரியம் பார்த்தார்கள். கோயிலுக்குப் புள்ளி வரி போடுவது உங்களுக்குத் தெரியும், கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. ஒருநாள் வீட்டு முற்றத்து வளவில் ஐந்தொகை, அதாவது கோயிலின் வருஷக் கணக்கு, வாசித்துக்கொண்டிருந்தபோது, ரொம்ப நொடித்துப்போன வீட்டுக்காரர் ஒருவர் பின்னாலிருந்து, "விளக்கெண்ணெய் போன வருஷத்தைவிட ஏன் கூட?" என்று கேட்டார். சிலர் முகம் சுளித்தார்கள். ஐயா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேரேட்டைப் புரட்டி, மாதம் மாதமாக வாசித்துக் காட்டினார்கள். அரை மணி நேரம் ஆனது. "அவரும் ஒரு புள்ளிதானே" என்றார்கள் அப்புறம். நான் சிறுபிள்ளை, தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நிர்வாகமும் அரசியலும் ஒரே இடத்தில் இருந்ததை அன்றைக்குப் பார்த்ததுபோல் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை.

உங்கள் கையிலும் கணக்கு இருக்கிறது. அதை விடாதீர்கள். ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. முடியுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. தேவகோட்டையிலேயே அலுவலகம் போட்டுக்கொண்டு சாயங்காலம் கட்சி வேலை பார்க்கலாம். சிதம்பரத்துக்கு வக்கீல் தொழில் இருந்த மாதிரி உங்களுக்கு இது.

எம்.பி.ஏ.தான் வேண்டுமென்றால் தரவரிசையை மட்டும் பார்க்காதீர்கள். மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்புகிறார்களா என்று பாருங்கள். அமுல் குரியன் 1979ல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய கிராமப்புற மேலாண்மைக் கல்லூரியான இர்மாவில் கிராமத்தில் தங்கிப் படிப்பது பாடத்திலேயே இருக்கிறது. செலவு குறையவேண்டுமென்றால் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே எம்.பி.ஏ. இருக்கிறது, அதை யாரும் இளக்காரமாகச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் பொதுக்கொள்கைப் படிப்பு அனுபவமுள்ள அதிகாரிகளை மனதில் வைத்து வந்தது. அதைப் பிறகு யோசிக்கலாம்.

கொள்கை வகுக்கும் பக்கம் போவதென்றால் படிப்பைவிட வேலையே நல்ல பள்ளிக்கூடம். டெல்லியில் பி.ஆர்.எஸ். என்ற சட்டமியற்றல் ஆய்வு அமைப்பு நடத்தும் லாம்ப் திட்டத்தில் இளம் பட்டதாரிகளை ஒரு எம்.பி.யிடம் உதவியாளராக அனுப்புகிறார்கள். கேள்விகள் தயாரிப்பது, மசோதாவைப் படித்துக் குறிப்பு எழுதுவது என்று வேலை, உதவித்தொகையும் உண்டு. வயது வரம்பு 25 என்பதால் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டம் 2022ல் வந்தது, திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்துடன் சேர்ந்து நடத்துகிறார்கள். இரண்டு வருஷம் அரசுத் துறைகளோடு வேலை, மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகை. அதற்கு முதுகலையோ தொழில் படிப்போ கேட்பார்கள், தகுதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தவணைக் கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பச்சியிடம் காட்டுங்கள். அப்புறம், வரும் அக்டோபர் 2 அன்று பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிராம சபைக்குப் போய் உட்காருங்கள். வரவு செலவு வாசிக்கும்போது எந்த வரியில் உங்களுக்குச் சந்தேகம் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆச்சி