முள்ளுக் கத்திரியில் முள் இல்லாத செடி: பிடுங்கலாமா, விதைக்கு விடலாமா?

கேள்வி: ஐயா, வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் அரை ஏக்கரில் இலவம்பாடி முள்ளுக் கத்திரி போட்டிருக்கிறேன். சொந்த விதைதான். கழனியில் ஒரே ஒரு செடியில் தண்டு, இலை, காம்பு எங்கேயுமே முள் இல்லை. காய் மட்டும் மற்ற செடியில் காய்ப்பது போலத்தான் இருக்கிறது. பக்கத்துக் கழனிக்காரர், "மருந்து அடிச்சு அடிச்சு மரபணு மாறிப்போச்சு, சாப்பிடாதே, பிடுங்கிப் போடு" என்கிறார். மரபணுவில் திடீர்மாற்றம் என்றால் என்ன? இந்தச் செடியை என்ன செய்வது?

பதில்: முதலில், பிடுங்காதீர்கள். காயைத் தாராளமாகச் சாப்பிடலாம். சந்தையில் விற்கும் பல கத்திரி ரகங்களுக்கு முள்ளே கிடையாது, அதைத்தான் எல்லோரும் வாங்கிச் சமைக்கிறோம்.

செடியின் ஒவ்வொரு செல்லிலும் அதன் குணங்களுக்கான செய்தி மரபணுக்களாக இருக்கிறது. ஒரு செல் இரண்டாகும்போது அந்தச் செய்தி முழுவதும் நகல் எடுக்கப்படுகிறது. பத்திரம் நகல் எடுக்கும்போது சர்வே எண்ணில் ஓர் இலக்கம் தவறிப்போவது போல, இங்கேயும் எப்போதாவது ஓரிடத்தில் பிழை விழும். அதுதான் திடீர்மாற்றம். பெரும்பாலான பிழைகளால் வெளியே ஒன்றும் தெரியாது. சில செடியைக் கெடுக்கும். அபூர்வமாகச் சில நமக்குப் பயன்படும். மருந்தே அடிக்காத காட்டுச் செடியிலும் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதனால் ஒரு செடியைப் பார்த்து மருந்தின் மேல் பழி போட முடியாது. இதை பி.டி. கத்திரியோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவின் மரபணுவைக் கத்திரிக்குள் புகுத்தி உண்டாக்கியது. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. உங்கள் செடிக்குள் யாரும் எதையும் புகுத்தவில்லை.

முள் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. கத்திரிக் குடும்பத்தில் முள் முளைப்பதற்குக் காரணமான மரபணு எது என்பதை 2024-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் செடி தயாரிக்கும்போது கடைசிப் படியில் வேலை செய்யும் மரபணு அது. அது பழுதானால் முள் வராது. கத்திரி இனங்களில் இந்தப் பழுது பலமுறை, தனித்தனியாக ஏற்பட்டிருக்கிறது. ரோஜாவின் முள்ளுக்கும் இதே வகை மரபணுதான் காரணம்.

அடுத்தது கவனிக்க வேண்டிய இடம். ஒவ்வொரு மரபணுவும் செடியில் இரண்டு பிரதிகளாக இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒன்று நன்றாக இருந்தாலே போதும், பெரும்பாலும் முள் வந்துவிடும். இரண்டும் பழுதானால்தான் முள் மறையும். ஆகவே இந்தப் பிழை பெரும்பாலும் இந்தப் பட்டத்தில் விழுந்தது அல்ல. முன்பே விழுந்து, முள்ளுள்ள ஒரு தாய்ச் செடிக்குள் ஒளிந்திருந்து, அதன் விதையில் இப்போது வெளிப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட தாயின் விதையில் நாலில் ஒன்று முள் இல்லாமல் வரும். கழனியை இன்னொரு முறை வரிசையாக நடந்து பாருங்கள், அதே மாதிரி வேறு செடியும் இருக்கலாம்.

ஆனால் இதெல்லாம் இது திடீர்மாற்றமாக இருந்தால்தான். கலப்புக்கும் வாய்ப்பு உண்டு. கத்திரி தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும், தேனீயும் வண்டும் பக்கத்துக் கழனி மகரந்தத்தைக் கொண்டுவரும். இரண்டு மூன்று பட்டத்துக்கு முன் அருகில் யாராவது முள் இல்லாத வீரிய ஒட்டு ரகம் போட்டிருந்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். கலப்பில் பிறந்த செடி முள்ளில் மட்டும் மாறாது. காயின் நிறம், வரி, பருமன், சுவை, இலையின் விளிம்பு என்று ஏதாவது ஒன்று கூடவே மாறியிருக்கும். திடீர்மாற்றத்தில் முள் ஒன்று மட்டும் போயிருக்கும், மற்றதெல்லாம் இலவம்பாடியாகவே இருக்கும். காய் மாறவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது அந்தப் பக்கம்தான் சாய்கிறது. இருந்தாலும் இந்தச் செடியின் காய் ஒன்றையும் முள்ளுச் செடியின் காய் ஒன்றையும் அறுத்து, ஒரே குழம்பில் போடாமல் தனித்தனியாக வதக்கிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

இலை சின்னதாகி, கொத்துக் கொத்தாகி, பூவே இலை மாதிரி மாறியிருந்தால் மட்டும் கதை வேறு. அது தத்துப்பூச்சி பரப்பும் சிற்றிலை நோய். அந்தச் செடியை உடனே பிடுங்கி அழித்துவிட வேண்டும்.

விதை எடுக்கும் முறை இது. மறுநாள் விரியப்போகும் மொட்டுகளை மாலையில் தேர்ந்தெடுத்து மெல்லிய துணிப்பை கட்டுங்கள். காலையில் பூ விரிந்ததும் பையைத் திறக்காமல் காம்பை விரலால் இரண்டு மூன்று முறை சுண்டுங்கள், மகரந்தம் கொட்டும். நடுவில் உள்ள சூல்தண்டு, மஞ்சள் மகரந்தப் பைகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூவில்தான் காய் பிடிக்கும். உள்ளே அமுங்கியிருக்கும் பூ உதிர்ந்துவிடும், அதில் பை கட்டுவது வீண். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். காய் நன்றாகப் பழுத்து மஞ்சளானதும் விதையைக் கழுவி, மிதப்பதை நீக்கி, நிழலில் உலர்த்துங்கள்.

அடுத்த பட்டத்தில் ஐம்பது நாற்றாவது தனிப் பாத்தியில் நட்டுப் பாருங்கள். எல்லாமே முள் இல்லாமல், காயும் ஒரே மாதிரி வந்தால் திடீர்மாற்றம்தான் என்று பெரும்பாலும் நம்பலாம். முள் இல்லாமல் வந்தும் காய் பலவிதமாகப் பிரிந்தால் கலப்பு. அதுவரை இந்த முள் இல்லாத செடி செத்துவிடாமல் இருக்க, அதன் குருத்தைச் சுண்டைச் செடியில் ஒட்டுக் கட்டி வையுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்த விதையை உங்கள் முள்ளுக் கத்திரி விதையோடு கலக்காதீர்கள். நீங்கள் போட்டிருக்கும் இந்த வேலூர் முள்ளுக் கத்திரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காம்பில் முள்ளைப் பார்த்துத்தான் வாங்குகிறவர்கள் நம்புகிறார்கள், அது கெட்டால் ஊருக்கே நஷ்டம். விதைக்கு விடும்போது இரண்டுக்கும் குறைந்தது 100 மீட்டர் இடைவெளி வேண்டும். அதே சமயம், காய் பறிக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்திருப்பீர்கள். அதே சுவையில் முள் இல்லாத காய் நிலைத்தால் அவர்களுக்கு எவ்வளவு நிம்மதி! பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 கத்திரியும் புழுதிக் கத்திரி என்ற நாட்டு ரகத்தில் திடீர்மாற்றத்தைத் தூண்டி உண்டாக்கிய ரகம்தான்.

விரிஞ்சிபுரம் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் இலவம்பாடிக் கத்திரியிலிருந்தே வி.ஆர்.எம். 1 ரகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அங்கே ஒரு காயும் ஒரு கிளையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். இரண்டு மூன்று பட்டம் குணம் மாறாமல் நின்றால், 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தில் உழவர் ரகமாக உங்கள் பெயரிலேயே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். நட்ட தேதி, முள் இல்லாத செடிகளின் எண்ணிக்கை, காயின் எடை ஆகியவற்றை இப்போதிருந்தே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.