சுண்ணாம்பு நீர் தரம்பார்த்தல்: 2 கிராம் ஏன் வருகிறது?

தரம்பார்த்ததில், அதாவது செறிவு தெரிந்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கரைசலின் செறிவைக் கண்டதில், 25 மி.லி. சுண்ணாம்பு நீருக்கு (தெவிட்டிய கால்சியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்கு) 0.05 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 27 மி.லி. செலவானது, நிறங்காட்டியின் நிறம் போனபின் இளஞ்சிவப்பு திரும்பியது என்கிறீர்கள். உங்கள் கணக்கு சரிதான். ஹைட்ராக்சைடு 0.054 மோலார், ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஹைட்ராக்சைடு என்பதால் பாதி 0.027, அதை மோலார் நிறையான 74.1-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 2.0 கிராம். ஆனால் 25 டிகிரியில் ஏறத்தாழ 1.6 கிராம்தான் கரையும்.

நிறம் திரும்புவதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. கூம்புக் குடுவைக்குள் கரையாத தூள் போயிருக்கிறது. அமிலம் விழ விழ அதுவும் கரைந்து, அமிலத்தைக் கூடுதலாகக் குடிக்கிறது. தெளியவைத்து ஊற்றுவது போதாது, வடிகட்டியே ஆகவேண்டும். புனலும் குடுவையும் உலர்ந்திருக்க வேண்டும்; ஈரம் இருந்தால் நீர்த்துவிடும். முதலில் வடியும் சில மி.லி.யைக் கொட்டிவிடுங்கள். தாளில் நிற்கும் தூளைக் கழுவாதீர்கள், கழுவும் நீர் கரைசலில் சேர்ந்துவிடும்; பழக்கதோஷத்தில் பலரும் இதைச் செய்வார்கள்.

கொதிக்கவைத்து ஆறிய வாலைவடிநீரில் 100 மி.லி.க்கு 2 கிராம் தூள் போட்டுக் குலுக்கி, இறுக மூடி ஒருநாள் வையுங்கள். வடித்ததும் உடனே தரம்பாருங்கள். காற்றுப் பட்டால் கார்பனேட் ஆடை படியும், அளவு குறையும். வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள், இது சூடேறினால் கரைதிறன் குறையும் வகை.

இன்னொன்று: கரைதிறன் பெருக்கத்தை (தெவிட்டிய கரைசலில் கால்சியம் அயனிச் செறிவையும் ஹைட்ராக்சைடு அயனிச் செறிவின் வர்க்கத்தையும் பெருக்கி வருவதை) கணக்கிட்டால் புத்தகத்தின் 5×10⁻⁶-ஐவிடப் பலமடங்கு பெரிதாக வரும். பதறவேண்டாம். இந்தச் செறிவில் அயனிகளின் செயல்திறன், அதாவது உண்மையில் செயல்படும் செறிவு, அளந்த செறிவைவிடக் குறைவு. 4s³ சூத்திரம் (s என்பது லிட்டருக்கு மோலில் கரைதிறன்) அதைக் கணக்கில் எடுப்பதில்லை.