பகலில் உறங்குகிறவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் கணவர் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறார். காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால் பத்து மணிக்கே எழும்பிவிடுகிறார். பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறையில்) டிவி, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) பிள்ளைகள். போன வாரம் விடியற்காலையில் கொழுந்தை உருட்டும் ரோலர் பக்கத்திலேயே கண் அசந்துவிட்டாராம். பகலில் படுத்தால் மூதேவி வருவாள் என்று மாமியார் வேறு ஏசுகிறார். பகல் தூக்கம் இரவுத் தூக்கத்துக்கு ஈடாகுமா? நான் நான்கு மணிக்கு எழும்பிப் பதினொரு மணிக்குத்தான் படுப்பேன். எனக்கு அது பழகிவிட்டது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

முழுதாக ஈடாகாது. ஆனால் தூங்காமல் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சின்ன நரம்புக்கொத்து இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து அதுதான் உடம்புக்கு நேரம் சொல்கிறது. உயிரணுவுக்குள் இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டறிந்த ஜெப்ரி ஹால், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். விடியப்போகும் வேளையில் உடல்சூடு மிகக் கீழே இறங்கும். விழிப்பும் அதோடு இறங்கும். உங்கள் கணவர் கண் அசந்தது அந்த நேரத்தில். அதற்குப் பெயர் சோம்பல் இல்லை. (1996இல் அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டையே முன்னே தள்ளி வைத்தது. 2006இல் பழையபடி ஆகும்வரை எங்கள் வீட்டில் 'பழைய நேரம்', 'புது நேரம்' என்று இரண்டு இருந்தன. கோழி மட்டும் ஒரே நேரத்தில் கூவியது.)

என் அப்பாவுக்கும் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வேலைதான். வாட்டப் போட்ட கொழுந்து பதத்துக்கு வந்தால் ரோலருக்குப் போயாக வேண்டும். அது நடுச்சாமமா என்று பார்க்காது. காலையில் அவர் படுத்ததும் அம்மா ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஓரங்களில் இரண்டு ஆணி அடித்து இறுக்குவாள். அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். அப்படியும் சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் உள்ள இடைவெளியால் பக்கத்து வீட்டு ரேடியோ வந்து எங்கள் காம்பராவில் உட்கார்ந்துகொள்ளும். நல்ல தூக்கத்துக்கு இருட்டான, சத்தமில்லாத அறை வேண்டும் என்று எழுதுகிறவர்கள், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு பகல் படுத்துப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் கம்பளியைத் தொங்கவிடுங்கள். வேலை முடிந்து வரும் வழியில் தொப்பியைக் கண் மறைக்கும்படி இறக்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். காலை வெயில் அந்தக் கடிகாரத்தை எழுப்பிவிடும். படுக்கப்போகும் முன் பிளேன்டீ வேண்டாம். தேயிலையில் உள்ள கஃபீனில் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரமாகும். சாயந்தரம் வேலைக்குப் போகும் முன் அரை மணி நேரம் சாய்ந்தாலும் ரோலர் பக்கத்தில் கண் சொக்குவது குறையும். அந்த இயந்திரத்துக்குக் கை, துணி வித்தியாசம் தெரியாது.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். கடிதம் முழுக்க அவருடைய தூக்கம். உங்களுடையதற்கு ஒரு வரி. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தேவை. நீங்கள் தூங்குவது ஐந்து. 'பழகிவிட்டது' என்பதை நான் நம்பவில்லை. பழகுவது களைப்புதான். பிரஷர், சீனி வியாதி, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் உடம்பு தனியாக எழுதிவைக்கும் கணக்கு. மலையில் கொழுந்துக் கூடையோடு இறங்கும் காலுக்கும் விழிப்பு வேண்டும்.

அவருக்கு இரவு வேலை இல்லாத நாட்களில் காலைத் தண்ணீரை அவர் பிடிக்கட்டும், ரொட்டியையும் அவரே சுடட்டும். நீங்கள் ஐந்தரை வரை படுத்திருங்கள். மாமியார் என்ன சொல்வார் என்று தெரியும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.